கீழ் எண்ணையும் படியுங்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கல்லூரி நண்பர்கள் குழுவில் பார்த்தேன், சொந்தக்காரர்கள் குழுவில் பார்த்தேன், கடைசியில் எங்கள் அலுவலகக் குழுவிலேயே சிரிப்புக் குறியோடு வந்தது. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த அண்ணன், எங்கள் அலுவலகம் வெளியிட்ட சின்ன வெங்காய விலைக் கணிப்பு அறிக்கையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கிளி ஜோசியக்காரர்களுக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்டதும் கைதட்டல் கூரையைப் பிளந்ததே, அதையும் கேட்டேன். நல்ல குரல்வளம் அவருக்கு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தூக்கிப் பிடித்த தாளை அவர் படித்தாரா?

அதில் இரண்டு எண்கள் இருந்தன. கிலோ இன்ன விலையிலிருந்து இன்ன விலை வரை. அடுத்த வரியிலேயே ஒரு நிபந்தனை: கர்நாடக வரத்து வழக்கம்போல இருந்து, ஏற்றுமதிக் கொள்கையும் மாறாதிருந்தால். அவர் வாசித்துக் காட்டியது மேல் எண்ணை மட்டும். கீழ் எண்ணை விழுங்கிவிட்டார். நிபந்தனையைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்றைய திண்டுக்கல் விலை எங்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், நடுவில் இருக்கிறது. கணிப்பு பொய்த்துவிட்டது என்று பகிர்ந்தவர்களில் ஒருவராவது அதைச் சரிபார்த்தீர்களா?

"வரம்பு கொடுப்பது தப்பித்துக்கொள்ளும் தந்திரம், துணிவிருந்தால் ஒரே விலையாகச் சொல்" என்கிறார்கள். அய்யா, விவசாயியிடம் ஒரே விலையை அடித்துச் சொல்கிறவன்தான் அவரை ஏமாற்றுகிறான். பல ஆண்டுகளின் மாத விலைகளை எடுத்து, பருவத்துக்கேற்ற ஏற்ற இறக்கத்தைப் பிரித்து, கணித மாதிரியில் ஓட்டினால் ஒரு எண் வரும். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் கூடவே வரும். அதைத்தான் வரம்பாகக் கொடுக்கிறோம். அதோடு முடிவதில்லை. சந்தைக்குப் போய் விசாரிக்கிறோம். சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டைச் சரக்கு எப்போது இறங்கும், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைகளில் எவ்வளவு கிடக்கிறது, விதைக்கு எவ்வளவு ஒதுங்கும், இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்பு இருக்கிறதா. கிளி இதையெல்லாம் கேட்டுவிட்டா சீட்டு எடுக்கிறது?

ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருந்த என் தாய்மாமா தினந்தோறும் விலை கணித்தவர். "ஐப்பசி மழை வலுத்தால் தக்காளி ஏறும், எழுதி வைத்துக்கொள்" என்பார். யாரும் எழுதி வைத்ததில்லை. அதனால் அவர் கணிப்பு தவறியதும் இல்லை. விலை விழுந்தால் மழைமேல் பழி போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ சொல்வார், அத்தோடு கணக்குத் தீர்ந்தது. நாங்களோ தேதி போட்டு, எண் போட்டு, பொதுவில் வைக்கிறோம். எங்கள்மீது கல்லெறிய வசதியாக நாங்களே அடையாளம் போட்டுக் கொடுக்கிறோம். மண்டிப் பேச்சை நம்பி வெள்ளாமையை வைத்து நட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் யாரும் எந்த மண்டிக்காரரையும் குறைதீர் கூட்டத்துக்கு இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே மாமா, எங்கள் அறிக்கை வரும் நாளில் தொலைபேசியில் அழைத்துவிடுவார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கீழ் எண் என்ன, மாப்பிள்ளை?" வாங்கி வைத்தால் எவ்வளவு அடிபடுவோம் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் லாபத்தைப் பார்ப்பார். வியாபாரிக்குத் தெரிந்த இந்தப் படிப்பை விவசாயிக்கும் சொல்லத்தான் அந்தத் தாளையே அச்சடிக்கிறோம். அதைப் பாதியாக வாசித்துக் கைதட்டல் வாங்குகிறீர்கள்.

"விலை ஏறும் என்று நீங்கள் சொன்னதால்தான் எல்லோரும் நட்டார்கள், அதனால்தான் விழுந்தது." இதையும் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். எங்கள் அறிக்கையை இவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்பது எனக்கே புதிய செய்தி. போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் நடுவதும், எல்லோரும் நட்டதால் விலை சரிவதும், சரிந்ததால் அடுத்த வருடம் யாரும் நடாமல் விலை எகிறுவதும் நேற்று முளைத்த வியாதி அல்ல. பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் 1934-லேயே அதற்குச் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார். 1938-ல் மோர்டிகாய் எசக்கியேல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்த வலையையும் நான்தான் பின்னினேன் என்று சொல்லாதவரை சரி.

"விலை விழுந்தாலும் உனக்கு மாதச் சம்பளம் வருகிறதே" என்கிறார் இன்னொருவர். வருகிறது. அடுத்தது.

"ஒருநாளாவது வயலில் இறங்கியதுண்டா?" இது வலித்தது. பட்டறையில் அழுகிய காயைப் பொறுக்கிய நாற்றம் விரலை விட்டுப் போகாமல் பள்ளிக்கூடம் போனவன் நான். அதை இங்கே சான்றிதழாகக் காட்ட வேண்டிய நிலை வந்ததுதான் கேவலம். வயலில் இறங்கியவன் சொன்னால் மட்டும் நிபந்தனையைப் படித்துவிடுவீர்களா?

அந்த நிபந்தனை அலங்காரத்துக்கு எழுதியதல்ல. 2022 மே 12 அன்று, கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்கு வர்த்தகக் குழுக்களை அனுப்பப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்கே தடை. எந்த மாதிரி இதைக் கணிக்கும்? 2023 ஆகஸ்ட் 19 அன்று வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. நாசிக்கில் ஏலமே நின்றது. வடக்கே பெரிய வெங்காய விலையை அடக்கப் போட்ட வரியில் நம்மூர்ச் சின்ன வெங்காயமும் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே கர்நாடகத்தில் விளையும் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு விலக்கு கிடைத்தது. கேட்க அங்கே ஆள் இருந்தது. டிசம்பர் 8 முதல் வெங்காய ஏற்றுமதிக்கு முழுத் தடை, அது நீங்கியது 2024 மே 4 அன்று. வரி முழுவதும் ஒழிய 2025 ஏப்ரல் ஆனது. இரவோடு இரவாக ஒரு கையெழுத்தில் விலையை மாற்றியவர்களை எந்தக் குறைதீர் கூட்டத்திலும் யாரும் ஜோசியக்காரர் என்று அழைக்கவில்லை. 2021 டிசம்பரில் கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேர வர்த்தகத்தை, அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் வர்த்தகத்தை, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்தி வைத்தபோதும், வருங்கால விலையைக் காட்டிய பலகையை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டுக் காணொளி எதுவும் பரவவில்லை.

2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் அலுவலக வாசலில் கேமராக்கள் நின்றன. எப்போது இறங்கும், எப்போது இறங்கும் என்று ஒரே கேள்வி. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள், நல்லது. அதே தக்காளியைப் பறிகூலிக்குக் கட்டாமல் சாலையோரம் கொட்டும் மாதங்களில் ஒரு கேமராவும் வந்து, எப்போது ஏறும் என்று கேட்டதில்லை. அப்போது மலிவாகச் சாம்பார் வைத்தவர்கள்தான் இன்று விவசாயிக்காகக் கண்ணீர் விட்டு அந்தக் காணொளியைப் பகிர்கிறார்கள்.

பகிர்ந்தவர்களில் ஒருவர் நேற்றிரவு உள்பெட்டியில் வந்தார். "சார், மஞ்சளை வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?" ஜோசியரிடம் கேட்கக் கூச்சமில்லை. நானும் கூச்சப்படாமல் பதில் எழுதினேன்.

மற்றவர்களுக்கு: ஈரோடு மஞ்சள் அறிக்கை அடுத்த வாரம் வருகிறது. விரலி மஞ்சளுக்குத் தனியாக, கிழங்கு மஞ்சளுக்குத் தனியாக இரண்டிரண்டு எண்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே உள்ள வரியையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள்.