பில் போடுற கிளாஸுக்கு பிரின்டர் எதுக்குடா?

ராயபுரத்தில் ராத்திரி பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், வயிறு எரிகிறது, அதனால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்.

வேலை சின்னது. துறைமுகத்திலிருந்து சரக்கு எடுப்பவர்களுக்கு பில் போடும் ஜாவா மென்பொருள். இலவச நாட்களுக்குள் கன்டெய்னரை எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும், அந்தக் கணக்கில் ஒரு நாள் கூடுதலாக விழுகிறது. அரை மணி நேர வேலை என்று திங்கட்கிழமை நானே வாயை விட்டேன்.

திறந்து பார்த்தால் கட்டணக் கிளாஸின் (கட்டணத்தைக் கணக்கிடும் கோடுத் துண்டின்) கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே, அதாவது அது உருவாகும்போதே ஓடுகிற பகுதிக்குள்ளேயே, டேட்டாபேஸுக்கு ஒரு நியூ (இங்கேயே புதிதாக ஒன்றைச் செய் என்கிற கட்டளை), எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நியூ, பிரின்டருக்கு ஒரு நியூ. கூட்டிக் கழிக்கிற இடத்தில் பிரின்டருக்கு என்ன வேலை? தெரியாமல், கணக்கைச் சோதிக்க ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டிவிட்டேன். மண்ணடியில் ஒரு ஏஜென்டுக்கு, நீங்கள் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று மூன்று தடவை நிஜமாகவே மெசேஜ் போய்விட்டது. மனுஷன் போன் போட்டு, "தம்பி, மெய்யாலுமே தள்ளுபடியா?" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

இதற்கு மருந்து இல்லாமலா போச்சு? டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004-லேயே எழுதி, பேரும் நிலைத்துவிட்டது. பேரைக் கேட்டால்தான் ஊசி போட வருகிற மாதிரி இருக்கும், சங்கதி இவ்வளவுதான்: உனக்கு வேண்டியதை நீயே உள்ளே செய்துகொள்ளாதே, வெளியிலிருந்து தருகிறோம், வாங்கிக்கொள். எண்ணூர் நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள், டிரெய்லரை இறக்கி நிறுத்திவிட்டு முன்வண்டி தனியாகக் கிளம்பிப் போகும், வேறு டிரெய்லரை மாட்டிக்கொண்டு வரும். எங்கள் கோடில் இரண்டையும் வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

லீட் அண்ணனிடம் சொன்னால், "ஓடுற வண்டியில கை வைக்காத". ஓடுதா அது? இதில் போன வருஷம் ஒருத்தர் வந்து, வேண்டியதை வெளியிலிருந்து தானே கொண்டுவந்து தரும் ஸ்பிரிங் என்ற ஜாவா கருவியை இறக்கி, கண்ட இடத்தில் ஆட்டோவயர்ட் (இதை நீயே கொண்டுவந்து கொடு என்று ஸ்பிரிங்குக்குச் சொல்லும் குறி) ஒட்டிவிட்டு, டிஐ, அதாவது அந்த ஊசி சமாச்சாரம், பண்ணியாச்சு என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்டர்ஃபேஸ், அதாவது ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட உதவும் பொதுக் கொக்கி, ஒன்றுகூடக் கிடையாது. அவர் கைபட்ட ஒரு கிளாஸுக்குப் பதினாலு பேர் துணைக்கு வேண்டும். கல்யாண ஊர்வலமா அது?

கடைசியில் சண்டை போடாமல் நானே செய்தேன். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு இன்டர்ஃபேஸ், வேண்டியதையெல்லாம் வெளியிலிருந்து வாங்கும் புது கன்ஸ்ட்ரக்டர் ஒன்று. பழையதைத் தூக்கவில்லை, அதை அறுபது இடத்தில் கூப்பிடுகிறார்கள், அதனால் அது அதே பழைய சாமான்களைச் செய்து புதியதிடம் கொடுத்துவிடும், அவ்வளவுதான். டெஸ்டில் மட்டும் எங்கேயும் அனுப்பாத பொம்மை எஸ்எம்எஸ். அப்புறம் தேதி! இன்றைய தேதியையும் உள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தது, நேற்று ஓடிய டெஸ்ட் இன்று விழும். ஜாவா 8-லேயே, அதாவது 2014-லேயே, இதற்கென்று கிளாக் என்று ஒரு கிளாஸ் கொடுத்திருக்கிறார்கள், அதையும் வெளியிலிருந்து கொடுத்தேன்.

ராத்திரி பத்தரைக்கு டெஸ்ட் ஓடியது. ஒரு மெசேஜ் போகவில்லை, பிரின்டர் முனகவில்லை. தப்பு பளிச்சென்று தெரிந்தது: நாளை எண்ணுகிற வரியில் சின்னது (<) என்று இருக்க வேண்டிய இடத்தில், சின்னது அல்லது சமம் (<=). ஒரு சமக்குறி, நாலு நாள்.

சரி செய்து அனுப்பிவிட்டேன். அண்ணனிடமிருந்து பதில் வந்திருக்கிறது: "அரை மணி நேரம்னு சொன்ன?"