பச்சைப் புள்ளி எரிந்தால் வேலை நடக்கிறதா?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஓபியடிக்கிறார்களா, இல்லை ஆபீசுக்கு வா வா என்று கூப்பிடும் மேலாளர்களுக்குத்தான் வேறு வேலை இல்லையா என்ற சண்டை சிங்கப்பூரில் சர்க்யூட் பிரேக்கர் எனும் கொரோனா முடக்கம் முடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கட்சியும் சளைக்காமல் பேசுகின்றன. ஆனால் பாதிப் பேர் ஆபீசிலும் பாதிப் பேர் வேறிடத்திலும் இருந்து வேலை பார்க்கும் ஹைபிரிட் குழுக்களில் நான் பார்க்கிற முக்கால்வாசி மனக்கசப்புக்குக் காரணம் சோம்பேறித்தனமும் இல்லை, கெடுபிடியும் இல்லை. கண்ணுக்கு எதிரே இல்லாத ஆள் பதில் சொல்லாவிட்டால், ஏன் சொல்லவில்லை என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் மனசு சும்மா இருக்காது, தானாக ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அது நல்ல காரணமாக இருப்பது அபூர்வம்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க்கில், மீதிப் பேர் சென்னையில். நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான், லண்டன் நியூயார்க்கோடு மல்லுக்கட்டுபவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் விழுகிற இடம் அப்படி. சென்னையில் ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறக்கும்போது இங்கே மணி பன்னிரண்டு, உணவங்காடியில் வரிசை நீளும் முன் போய்விட வேண்டும் என்று எல்லோரும் கிளம்பியிருப்போம். அவர்கள் காலையில் சுறுசுறுப்பாகக் கேட்ட கேள்வி ஒன்றரை மணி வரை அப்படியே கிடக்கும். இங்கே நாம் கிளம்புகிற அவசரத்தில் ஆறு மணிக்குக் கேட்பது அவர்களுக்கு மூன்றரை, அடுத்தடுத்து மீட்டிங் ஓடுகிற நேரம். "சிங்கப்பூர்க்காரங்க நம்மளைக் கண்டுக்கவே மாட்டாங்க" என்று அங்கே பேச்சு. "சென்னையில் கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான்" என்று இங்கே பேச்சு.

செய்து முடித்த மென்பொருளை வெளியிடுகிற ஒரு ரிலீஸ் நாளில் சென்னைத் தம்பி ஒருவர் மதியத்துக்கு மேல் ஆளே இல்லை. இங்கே மேலாளர் இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஈடுபாடு போதாது, நான் ரொம்ப நாளாவே கவனிக்கிறேன்" என்றார். அதுவரை அந்தத் தம்பியைப் பற்றி ஒரு குறையும் சொன்னவர் இல்லை அவர். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. மழையில் தெரு முழுக்கத் தண்ணீர், கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விட்டது. மொட்டை மாடியில் குடையோடு நின்று "அண்ணா, ராத்திரிக்குள்ள முடிச்சிடறேன்" என்று எனக்கு அனுப்பிய மெசேஜ் போகாமல் அவர் போனிலேயே நின்றிருக்கிறது. மேலாளர் வருத்தப்பட்டார், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் நெட் விழுந்த நாளில் அவர் திட்டியது நெட்டைத்தான், தன் ஈடுபாட்டை இல்லை.

இதை ஆராய்ந்து எழுதியவர் மேலாண்மைத் துறை ஆய்வாளர் கேத்தரின் கிராம்டன். 2001-ல் வந்த ஆய்வு, அதாவது ஜூம், டீம்ஸ் எல்லாம் தலையெடுப்பதற்கு வெகு முன்பே. வெவ்வேறு நாட்டு மாணவர்கள் மின்னஞ்சலிலும் சாட்டிலும் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்த குழுக்களை அவர் கவனித்தார். ஒருவர் மௌனமாக இருந்தால் அதற்குச் சம்மதம், கடும் எதிர்ப்பு, ஊரில் இல்லை, கணினி மக்கர், இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் என்று எதுவும் அர்த்தமாக இருக்கலாம். மற்றவர்களோ சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தில் கை வைத்துவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் தலைவலியோடு உட்கார்ந்திருப்பது நமக்கே தெரியும். தொலைவில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

எழுத்தும் கைகொடுப்பதில்லை. 2005-ல் வந்த ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி குழுவின் ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே ஏறக்குறைய அந்தளவு வந்திருக்கும்.

இதைவிட மோசம் பாதி அறையில் பாதி திரையில் நடக்கும் மீட்டிங். அறையில் ஐந்து பேர், திரையில் மூன்று பேர். ஒருவர் எழுந்து வெள்ளைப் பலகையில் ஏதோ வரைவார், கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரியும். யாரோ ஒரு ஜோக் அடிப்பார், அறை குலுங்கும், திரையில் உள்ள மூவரும் எதற்கென்று தெரியாமல் ஒரு நொடி தாமதமாகப் புன்னகைப்பார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் "ஆன்லைனில் இருப்பவர்கள் ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு சம்பிரதாயக் கேள்வி. மூன்று மைக்கும் மௌனம். மீட்டிங் முடிந்து லிஃப்டுக்குப் போகிற வழியில்தான் உண்மையான முடிவு எடுக்கப்படும். அப்புறம் அவர்கள் வாயே திறப்பதில்லை என்று நாமே சொல்வோம். என் கட்சி இதுதான்: ஒருவர் தொலைவில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே சேர வேண்டும். கேலி செய்கிறார்கள், பரவாயில்லை.

கேமராவைப் போடு என்று வற்புறுத்துவது தீர்வென்று நினைப்பவர்கள் சிங்கப்பூர் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் ஒரு நாலறை வீட்டைக் கற்பனை செய்து பார்க்கவும். மேல்மாடியில் டிரில்லிங், சாப்பாட்டு மேசையில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, பின்னால் மாமியாரின் சீரியல். டீம்ஸில் ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸைத் தானாக ஆட்டும் கருவியையே கடையில் விற்கிறார்கள், அந்த அளவுக்குப் போய்விட்டது இந்தக் கண்ணாமூச்சி.

சரி, எல்லோரையும் தினமும் வரவழைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? டிரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துப் பொருளாதார நிபுணர் நிக்கலஸ் புளூமின் குழு நடத்திய சோதனை 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. மேலாளர்கள் முதலில் உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று நினைத்திருந்தார்கள், முடிவில் 1 சதவீதம் கூடும் என்றார்கள். அதே நிறுவனத்தின் கால் சென்டரில் நடந்து 2015-ல் வெளியான முந்தைய ஆய்வில், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள், ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பதவி உயர்வுச் செய்திதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த எவரும் முறைப்படி கேட்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்கத்தான் உரிமை, கிடைப்பது நிச்சயமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பலர் கேட்கவே இல்லை. "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்பதுதான் காரணம். குறிப்பாக வேலை அனுமதியில் இருப்பவர்கள், அதை அடுத்த முறை புதுப்பிப்பதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். இங்கே கதை கட்டுவது மேலாளரின் மனசு மட்டும் இல்லை பாருங்கள், அவர் இன்னும் சொல்லாததற்கு இவர்கள் கட்டுகிறார்கள்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறோம். "மூணு மணி வரை இருக்க மாட்டேன்", "இதுக்கு நாளைக்குத்தான் பதில்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. மேலாளரும் போடுகிறார். ரிலீஸ் வாரத்தில் இன்னும் முட்டிக்கொள்கிறோம், அது வேலையைப் பற்றி. அடுத்த மாதம் வருகிற அப்ரைசலில் யாராவது "அவரை ஆன்லைனில் பார்க்கவே முடியறதில்லை" என்று ஆரம்பித்தால், அவர் எதை முடித்துக் கொடுத்தார் என்று மட்டும் நான் கேட்பேன்.