மெல்லிசையெண்டா லேசெண்டு ஆர் சொன்னது?

எக்ஸ்ட்ரீம் எண்டது அடிச்சு நொறுக்கிற ராக் குழு. 1991இலை அவையின்ரை ‘மோர் தான் வேர்ட்ஸ்’ எண்ட மெல்லிசைப் பாட்டு ஒரு கிட்டாரும் குரலுகளுமா அமெரிக்காவிலை முதலிடம் பிடிச்சது. அதைப் பாடுற கரைச்சல் யாழ்ப்பாணத்துக் கலியாண வரவேற்புகளிலை இண்டைக்கும் முடியேல்லை. உந்தப் பெடியள் அதைப் பிக்காலை, தந்தி உரசிற அந்தச் சின்னத் துண்டாலை, பரபரவெண்டு உரசினம். அது விரலாலை மீட்டிற பாட்டடாப்பா! பெருவிரல் தடிச்ச பேஸ் தந்தியை, மற்ற மூண்டு விரல் மெல்லிய தந்தியளை ஒண்டாக் கிள்ளவேணும். தாளத்தின்ரை இரண்டாம், நாலாம் அடியிலை கை தந்தியிலை விழுந்து ‘டக்’ எண்டு கேக்கவேணும். ட்ரம்ஸ் இல்லாத பாட்டுக்கு அந்த ‘டக்’தான் ட்ரம்ஸ். ஆறு தந்தியையும் அரைச் சுருதி இறக்காட்டி, மேல்குரல் பாடுறவர் கீச்சிடத்தான் செய்வார். அதுக்குமேலை சவுண்ட்காரர் எக்கோவை முழுசாத் திருகிவிட, ஒரு ‘டக்’ மூண்டு ‘டக்’காகுது.