அதே 31 டிகிரி

நான் குடியிருப்பது கட்டடத்தின் உச்சி மாடியில். போன கோடையில் தினமும் இரவு 11 மணிக்குச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்ப்பேன், 31 டிகிரி காட்டும். தூக்கம் மட்டும் கிட்டவே வராது. ஒருநாள் தாங்க முடியாமல் இரண்டு மாடி கீழே நண்பனின் அறைக்குப் போய்ப் படுத்தேன். கையோடு அந்த வெப்பமானியையும் எடுத்துப் போனேன். அங்கேயும் 31. இரண்டு இடத்திலும் ஃபேன் ஒரே வேகம். ஆனால் அங்கே படுத்த பத்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிட்டேன்.

மறுநாள் இரவு என் அறையில் கட்டில் மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயில் போய் ஐந்து மணி நேரம் ஆகியும், அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த பாத்திரத்தைத் தொடுவது போலச் சுட்டது. பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெயிலை இரவில் என் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. காற்று அதிகம் அசையாத அறையில் உடம்பு உணர்வது காற்றின் வெப்பநிலையை மட்டும் அல்ல. சுவர், கூரை, தரை இவற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட சரிபாதி சேரும். வெப்பமானி அந்தப் பாதியைச் சொல்லவே இல்லை.

நம் மொழிக்கு இது எப்போதோ தெரியும். வெக்கை வேறு, புழுக்கம் வேறு, அனல் வேறு. சூடான பரப்பு வீசுவது வெக்கை. வியர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக்கிடப்பது புழுக்கம். மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டு, "ஏசியை 22-ல் வைத்தால் சரியாகிவிடும்" என்று முடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

டென்மார்க்கின் ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், நாம் போட்டிருக்கும் உடை, செய்யும் வேலை என்று ஆறு காரணிகள். அருமையான வேலை. ஆனால் சோதனை அறையில் மாணவர்களை உட்காரவைத்துக் கிடைத்த அந்தக் கணக்கை எல்லா ஊருக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொதுவாக்கியதில்தான் சிக்கல். டி டியர், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களிலிருந்து ஏறத்தாழ 21,000 பதிவுகளைத் திரட்டி 1998-ல் வேறு ஒன்றைக் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து மூடும் உரிமை உள்ள கட்டடத்தில், வெளியே வெயில் ஏற ஏற மனிதர்களுக்கு இதமாகப் படும் வெப்பநிலையும் கூடவே ஏறுகிறது. வெளியே சராசரி 30 டிகிரி என்றால் உள்ளே 27 டிகிரியே இதம்தான். அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரநிலை 2004-ல் இதை ஏற்றுக்கொண்டது. அப்புறமும் திறக்க முடியாத கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டி, கோடை உச்சியில் உள்ளே ஸ்வெட்டர் போட்டு வேலை பார்க்கிறோம். எனக்கு இது மனசே ஆறவில்லை.

காலநிலைக்கு ஏற்ற கட்டடம் என்றால் எல்லா இடத்துக்கும் ஒரே கட்டடம் அல்ல. பகலில் கொளுத்தி இரவில் குளிரும் வறண்ட நிலத்தில் தடித்த சுவர் நல்லது. பகல் வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் இரவு வந்துவிடும், ஜன்னலைத் திறந்து அதை வெளியேற்றிவிடலாம். இரவிலும் புழுங்கும் கடலோரத்தில் அதே தடித்த சுவர் எதிரி. அங்கே வேண்டியது நிழலும், அறைக்குள் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் காற்றும்தான். விநாடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லாத மெல்லிய காற்றே இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போல உணரவைக்கும்.

வெளியிடங்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தகரக் கூரை போட்ட பேருந்து நிழற்குடையின் கீழ் நடுப்பகலில் நின்று பாருங்கள், பிறகு பக்கத்து மரத்தடிக்குப் போய் நில்லுங்கள். இரண்டுமே நிழல். தகரம் வெயிலில் காய்ந்து உச்சந்தலையில் வெக்கையை இறக்கும். இலை தன் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்வதால் காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். மரத்தை வெட்டிவிட்டு நிழற்குடை கட்டுபவர்கள் நிழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

என் கூரைக்கு வருகிறேன். வீட்டு உரிமையாளரிடம் சொன்னபோது "ஏசி மாட்டிக்கோங்க" என்றார். இரண்டு மூன்று முறை பேசியபின், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மொட்டை மாடியில் அடிக்க அனுமதித்தார். நானும் நண்பனும் ஒரே நாளில் அடித்து முடித்தோம். இந்தக் கோடையில் இரவு 11 மணிக்குக் கட்டில் மேல் ஏறிக் கையை வைத்தால், கூரையும் சுவரும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வெப்பமானி 30 காட்டுகிறது. குறைந்திருப்பது ஒரே ஒரு டிகிரிதான். நான் தூங்குகிறேன்.