கொத்தனாரின் பெயரையும் எழுதுங்கள்

இரண்டு நாட்களாகப் பலரும் பகிர்ந்துவரும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நைஜீரியாவின் ஒசோக்போ நகரத்தில், ஒசுன் ஆற்றங்கரைப் புனித வனத்துச் சிற்பங்களை ஓர் ஆஸ்திரியப் பெண்மணி தன்னந்தனியாக உருவாக்கினார் என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். சூசன் வெங்கர் என்ற அந்தப் பெண்மணி அவற்றைத் தனியாக உருவாக்கவில்லை. கொத்தனாரான அதெபிசி அகாஞ்சி அவருடன் சிமெண்ட் குழைத்தார். கசாலி அகாங்பே மரம் செதுக்கினார். புராய்மோ க்பதமோசி கல் செதுக்கினார். இவர்களையெல்லாம் சேர்த்த குழுவுக்குத்தான் 'புதிய புனிதக் கலை' என்று சூசன் பெயரிட்டார்.

அவர் இல்லாவிட்டால் அந்த வனமே மிஞ்சியிருக்காது என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். 1950-இல் நைஜீரியாவுக்கு வந்து, 2009-இல் தம் 93-ஆம் வயதில் ஒசோக்போவிலேயே இறந்தவர் அவர். மரம் வெட்ட வந்தவர்களை எதிர்த்து நின்றார். 2005-இல் அந்த 75 ஹெக்டேர் வனம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால், தனியாக அல்ல.

வெள்ளைக்காரி பூசாரி ஆனது வெறும் வேடம் என்று ஒருவர் பின்னூட்டமிட்டிருந்தார். எடே ஊரில் ஒபாத்தலா தெய்வத்தின் பூசாரியான அஜகெமோவே அவருக்குத் தீட்சை அளித்தார். அந்தப் பகுதியில் வாழும் யோருபா மக்கள் அவரை அதுன்னி ஒலோரிஷா என்று அழைத்தார்கள்; ஒலோரிஷா என்றால் தெய்வத்தின் பூசாரி. அவர்கள் ஏற்றுக்கொண்டவரை வேடதாரி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மரவள்ளிக் கஞ்சியால் துணியில் கோலம் வரைந்து, பிறகு அவுரிச் சாயத்தில் முக்கியெடுக்கும் கலை யோருபாப் பெண்களுடையது. அதைக் கற்றுக்கொண்டுதான் யோருபாப் புராணக் கதைகளைப் பெரிய துணிகளில் அவர் தீட்டினார். கற்றுக்கொடுத்த அந்தப் பெண்களின் பெயர்களும் நான் பார்த்த எந்தப் பதிவிலும் இல்லை.

ஒரு படத்தின் கீழிருந்த ஒரு வரிக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பா கொத்தனார். எங்கள் ஊர்க் கோயிலின் மதிலைப் பதினொரு மாதம் நின்று கட்டினார். குடமுழுக்கன்று திறந்த கல்வெட்டில், சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தவரின் பெயர்கூட இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை. அன்று அவர் அன்னதானப் பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா சோறு போட்டபோதும் காரணம் சொல்லவில்லை.

அந்த வரியைத் திருத்தும்படி நேற்றிரவே பதிவிட்டவருக்கு எழுதினேன், இன்னும் திருத்தவில்லை. ஆகவே, படத்தைப் பகிரப்போகிறவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்தே பகிருங்கள்: அதெபிசி அகாஞ்சி, கசாலி அகாங்பே, புராய்மோ க்பதமோசி, சூசன் வெங்கர்.