சிக்காகோவை இன்னும் எத்தனை தரம் கூப்பிடுவார்கள்?

புத்தாண்டு அன்று காலையில் கோயில், மத்தியானம் ரீவியில் வின்ரர் கிளாசிக் என்ற ஹொக்கி ஆட்டம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வழக்கம் கன வருடமாக இதுதான். கோயில் அப்படியே இருக்கிறது. ஹொக்கிதான் நாள் மாறித் திரிகிறது. ஒரு வருடம் டிசம்பர் 31, இன்னொரு வருடம் ஜனவரி 2. சரி, நாள் மாறினால் மாறட்டும். ஆடுகிற அணிகளாவது மாறுகின்றனவா என்றால் அதுவும் குறைவு, சிக்காகோ மாதிரிச் சில அணிகளையே லீக் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். பதிவு நீளும், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

ஹொக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் ஆட்டங்கள் வழக்கமாகக் கூரைக்குக் கீழே நடப்பவை. வருடத்தில் சில நாள் மட்டும் ஒரு பேஸ்போல் மைதானத்திலோ அமெரிக்கக் கால்பந்து மைதானத்திலோ ஐஸ் போட்டு, திறந்த வானத்தின் கீழே இரண்டு அணிகளை ஆடவிடுவார்கள். அதில் புத்தாண்டை ஒட்டி வருவதுதான் வின்ரர் கிளாசிக். கண்காட்சி ஆட்டம் அல்ல, புள்ளிப் பட்டியலில் ஏறுகிற ஆட்டம். முதலாவது 2008 ஜனவரி 1 அன்று பஃபலோவுக்குப் பக்கத்தில் ஓர்ச்சர்ட் பார்க்கில் நடந்தது. 71,217 பேர் வந்திருந்தார்கள். பனி கொட்டிக்கொண்டே இருந்தது. சமநிலையை முறிக்க ஒவ்வொருவராகக் கோலியோடு மோதும் ஷூட்அவுட்டில் பிற்ஸ்பேர்க்கின் சிட்னி குரொஸ்பி பனிக்குள்ளால் 'பக்' என்ற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு போய் வெற்றிக் கோலை அடித்தார். அதைப் பார்த்த பிறகு இந்த ஆட்டத்தின்மேல் ஆசை வராமல் இருக்க முடியாது. எனக்கும் அன்றுதான் பிடித்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2008 முதல் 2026 வரை 17 ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2013 ஆட்டம் அணி உரிமையாளர்களின் கதவடைப்பில் போனது, 2021 கொரோனாவில் போனது. 17 ஆட்டம் என்றால் 34 இடங்கள். அதில் சிக்காகோவுக்கு 5, பொஸ்ரனுக்கு 4. பிற்ஸ்பேர்க், நியூ யோர்க் ரேஞ்சர்ஸ், சென்ற் லூயிஸ் மூன்றுக்கும் மும்மூன்று. ஐந்தே ஐந்து அணிகள் 18 இடங்களை எடுத்துவிட்டன. லீக்கில் இப்போது 32 அணிகள். அதில் 15 அணிகள் ஒரு தடவைகூட இந்த ஆட்டத்தில் கால் வைக்கவில்லை. எட்மன்டன் இல்லை, கல்கரி இல்லை, வினிப்பெக் இல்லை, வன்கூவர் இல்லை, ஒட்டாவா இல்லை. குளிர்காலத்தைக் கொண்டாடும் ஆட்டத்தில் வினிப்பெக் இல்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சிக்காகோவின் கதை இன்னும் பம்பல். ஐந்து தடவை ஆடினார்கள், ஐந்து தடவையும் தோற்றார்கள். 2009இல் டெட்றோயிற்றிடம் 6-4. 2015இல் வொஷிங்டனிடம் 3-2, அதுவும் ஆட்டம் முடிய 13 விநாடி இருக்கும்போது தங்களிடமே முன்பு ஆடிய ஒருவரின் கோலில். 2017இல் சென்ற் லூயிஸிடம் 4-1, 2019இல் பொஸ்ரனிடம் 4-2, கடைசியாக 2024 டிசம்பர் 31 அன்று மறுபடி சென்ற் லூயிஸிடம் 6-2. முதல் மூன்று அழைப்புகளை நான் குறை சொல்லமாட்டேன். 2010, 2013, 2015 என்று மூன்று லீக் கிண்ணங்களை எடுத்த அணி, கேன், டெய்ஸ் என்ற நட்சத்திரங்கள் ஆடிய காலம். ஆனால் 2024இல் ஆட இறங்கியபோது அவர்கள் முந்தைய சீசனில் பட்டியலின் கடைசிக்கு ஒரு படி மேலே நின்றவர்கள். கொனர் பெடார்ட் என்ற இளம் பிள்ளையைக் காட்டவேண்டும், சிக்காகோவின் ரிக்லி ஃபீல்ட் அழகான பழைய பேஸ்போல் மைதானம், அவ்வளவுதான் காரணம்.

காரணம் பணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகவே செய்யப்பட்டது. அங்கே பார்வையாளரை எண்ணும் முறை அமெரிக்க வீடுகளை மட்டும்தான் எண்ணும். பொஸ்ரனும் சிக்காகோவும் ஆடினால் இரண்டு பெரிய நகரங்களும் கணக்கில் ஏறும். பொஸ்ரனும் ஒட்டாவாவும் ஆடினால் ஒன்றுதான் ஏறும். ஒட்டாவாவில் அத்தனை வீடும் பார்த்தாலும் அந்தக் கணக்கில் பூச்சியம். அதனால்தான் 17 ஆட்டங்களில் இரண்டே இரண்டு தடவை கனேடிய அணிக்கு இடம் கிடைத்தது. 2014இல் ரொறன்ரோ, 2016இல் மொன்றியல். இரண்டும் வெளியூர் அணியாகப் போய் வென்றுவிட்டு வந்தன என்பதையும் சிக்காகோ ரசிகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த 2014 ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னர்தான் ரொறன்ரோவில் உறைமழை கொட்டி மரங்கள் முறிந்து விழுந்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போயிருந்தது. எங்கள் வீதியில் நத்தாருக்கு அடுத்த நாள்தான் வெளிச்சம் வந்தது. அதுவரை மிசிசாகாவில் மச்சான் வீட்டில் பதினொரு பேர் ஒரே கூடத்தில் படுத்தோம். புத்தாண்டன்று எங்கள் ரீவி மறுபடி வேலை செய்ததே பெரிய சந்தோஷம். அதைப் போட்டால் மிச்சிகன் மைதானத்தில் 105,491 பேர், பாதி டெட்றோயிற்றின் சிவப்பு, பாதி ரொறன்ரோவின் நீலம். 401 நெடுஞ்சாலையில் விண்ட்சர் வரை ஓடி, எல்லையைத் தாண்டி, ஆன் ஆர்பரில் போய் இறங்கிய எங்கள் ஊர்ச் சனம்தான் அந்த நீலம். ஐஸில் பனி மூடுவதும், இடைக்கிடை ஆட்டத்தை நிறுத்திச் சுரண்டுவதும், வீரர்களின் தாடியில் வெள்ளை படிவதும். கடைசியில் ஷூட்அவுட்டில் டைலர் போசாக் அடித்து எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் 3-2 என்று வென்றது. என் மாமியார் அதுவரை ஹொக்கி என்றால் "தடியடிச் சண்டை" என்று எழும்பிப் போகிறவர். அன்று முழுவதும் இருந்து பார்த்தார்.

இதில் கவனிக்கவேண்டியது, கனேடிய அணி ஆடியதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நட்டப்படவில்லை. அங்கேயும் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு நாடும் சேர்ந்து 80 லட்சம் பேருக்கு மேல். ஏன்? டெட்றோயிற்றும் ரொறன்ரோவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், லீக்கில் ஆறு அணிகள் மட்டும் இருந்த காலத்துப் பகை. எங்கள் யாழ்ப்பாணத்தில் சென்றல் கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடுகிற வடக்கின் சமர் என்ற கிரிக்கெட் ஆட்டத்துக்கு எந்த இரண்டு அணி என்று யாராவது கூட்டம் போட்டுத் தெரிவு செய்கிறார்களா? பகைதான் தெரிவு செய்தது. வருடா வருடம் சனம் தானாக வந்து மதிலேறுகிறது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் 2018 ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். நியூ யோர்க்கில் சிற்றி ஃபீல்டில் ரேஞ்சர்ஸும் பஃபலோவும். உள்ளூர் அணி யார் என்று நினைக்கிறீர்கள்? பஃபலோ! அறுநூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற பஃபலோ. ரேஞ்சர்ஸின் வீடான மடிசன் ஸ்குயர் கார்டனுக்கு 1982 முதல் சொத்து வரி விலக்கு இருக்கிறது. உள்ளூர் ஆட்டத்தை வேறு இடத்தில் ஆடினால் அந்த விலக்கு பறிபோகலாம் என்ற பயம். அதனால் ரேஞ்சர்ஸ் தங்கள் நகரத்திலேயே விருந்தாளி. பஃபலோ ரசிகர் தன் அணியின் "உள்ளூர்" ஆட்டத்தைப் பார்க்க ஆறு மணித்தியாலம் காரோட வேண்டியிருந்தது. இந்தக் கோமாளிக்கூத்தைச் செய்தாவது நியூ யோர்க் சந்தையைப் பிடிக்கிறார்கள். ஆனால் வினிப்பெக் என்றால் "சரிவராது".

தெற்கு ஊர்களுக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. இதில் என் நண்பர்கள் பலரோடு எனக்குச் சண்டை. 2026இல் மயாமியில் வைத்தபோது "தென்னைமரத்துக்குக் கீழே என்ன வின்ரர்" என்று நக்கலடித்தார்கள். கூரையை மூடி வைத்து ஐஸைக் காப்பாற்றி, ஆட்டத்துக்குத் திறந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஃபுளோரிடா பான்தர்ஸ் தொடர்ந்து இரண்டு கிண்ணம் எடுத்த அணி, உரிமை இருக்கிறது. 2020இல் டலஸும் நாஷ்வில்லும் ஆடியபோதும் இதே நக்கல்தான். 85,630 பேர் வந்தார்கள்! தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் முழங்கையால் இடித்ததற்காக வெளியேற்றப்பட்ட கோரி பெரி, அந்தப் பெரிய மைதானத்தைத் தாண்டி உடைமாற்றும் அறைக்கு நடந்த நடை இருக்கிறதே, பெண் வீட்டார் விரட்டிவிட்ட மாப்பிள்ளையின் நடை. (வெயிலுக்குத்தான் பயப்படவேண்டும். 2021இல் டாஹோ ஏரிக்கரையில் வைத்த வேறொரு ஆட்டம், வெயிலில் ஐஸ் இளகி, முதல் பகுதியோடு நின்று, எட்டு மணித்தியாலம் கழித்து இரவில்தான் தொடர்ந்தது. குளிரூட்டும் லொறி எவ்வளவு பெரிதென்றாலும் சூரியன் சூரியன்தான்.)

என் குறை, மயாமிக்குப் போனதில் இல்லை. மயாமிக்குப் போனாலும் எதிரணி மறுபடியும் ரேஞ்சர்ஸ் என்பதில்தான். பக்கத்தில் தம்பா இருக்கிறது. ஒரே மாநிலம், கிண்ணத்துக்கான பிளேஒவ் சுற்றில் அடிக்கடி மோதி ஒருவரையொருவர் கண்ணில் காட்டமுடியாத இரண்டு அணிகள். தம்பா வின்ரர் கிளாசிக்கில் ஒருபோதும் ஆடியதில்லை. அதை விட்டுவிட்டு நியூ யோர்க்கிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"விடுபட்ட அணிகளுக்கு ஸ்ரேடியம் சீரிஸ் இருக்கிறதே, கனடாவுக்கு ஹெரிற்றேஜ் கிளாசிக் இருக்கிறதே" என்று, லீக் வேறு நாள்களில் வைக்கிற மற்றத் திறந்தவெளி ஆட்டங்களைச் சொல்லி, ஒருவர் நிச்சயம் கீழே எழுதுவார். இருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியும் இருக்கிறதுதான். 2025 மார்ச்சில் ஸ்ரேடியம் சீரிஸில் கொலம்பஸை ஒஹாயோ மைதானத்தில் ஆடவிட்டார்கள். 94,751 பேர். மிச்சிகனைத் தவிர எந்த வின்ரர் கிளாசிக்கும் அந்தக் கூட்டத்தைக் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஊரை ஏன் முதல் பந்தியில் இருத்தவில்லை? ஹெரிற்றேஜ் கிளாசிக்கோ வின்ரர் கிளாசிக்குக்கே மூத்தது. 2003இல் எட்மன்டனில் கடுங்குளிரில் 57,167 பேர் இருந்து பார்த்தார்கள், மொன்றியல் கோலி ஜோசே தியோடோர் தலைக்கவசத்துக்கு மேலே கம்பளித் தொப்பி போட்டு ஆடினார். இந்த யோசனையே அங்கேதான் பிறந்தது. ஆனால் 2003 முதல் 2023 வரை அது நடந்தது ஏழே ஏழு தடவை. நினைத்தால் வைப்பார்கள், மறந்தால் விடுவார்கள். 2023இல் எட்மன்டனும் கல்கரியும் ஆடியபோது இரண்டுமே சீசனை மிக மோசமாகத் தொடங்கியிருந்தன. யாருக்குக் கவலை? எட்மன்டன் வீரர்கள் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் உடுப்போடு வந்திறங்கினார்கள், மைதானம் நிரம்பி வழிந்தது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தடவை ஆடிய அணிக்கு ஐந்து வருடம் அழைப்பு இல்லை. இது ஒன்றைச் செய்தாலே பாதி வியாதி தீரும். எதிரணியைப் பக்கத்து ஊரிலிருந்து, பழைய கோபத்திலிருந்து எடுங்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு கனேடிய அணி. தொலைக்காட்சிக்காரர் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் பெரிய பெயர்களைப் போட்டும் அவர்களுடைய கணக்கு ஏறவில்லையே. 2011இல் பிற்ஸ்பேர்க்கின் குரொஸ்பியும் வொஷிங்டனின் ஒவெச்கினும் மோதியபோது அமெரிக்காவில் சுமார் 45 லட்சம் பேர் பார்த்தார்கள். ரிக்லியில் சிக்காகோவைப் போட்ட 2024 டிசம்பர் 31 அன்று பத்து லட்சம்கூட வரவில்லை. ஆட்டம் கேபிள் சனலுக்குப் போனதும், கல்லூரிக் கால்பந்துக்குப் பயந்து புத்தாண்டை விட்டு ஓடியதும் காரணங்கள்தான். ஆனாலும் பெரிய சந்தை காப்பாற்றும் என்ற வாதம் அன்றே செத்துவிட்டது.

எனக்கு என்ன ஆட்டம் வேண்டும் என்று கேட்டால், பஃபலோவும் ரொறன்ரோவும். 2028 ஜனவரி 1 அன்று முதலாவது ஆட்டத்துக்கு 20 வயது. அதே ஓர்ச்சர்ட் பார்க்கில், பழைய மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் எழும்பியிருக்கும் புது மைதானத்தில் வையுங்கள். கூரை இல்லாத மைதானம், ஏரியிலிருந்து வரும் பனி இலவசம். ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம், எல்லையில் நிற்கிற நேரம் வேறு. கொத்து ரொட்டிப் பார்சலும் சூடான பால்தேத்தண்ணிப் போத்தலுமாக நாங்கள் நாலு கார் பிடித்துப் போவோம். மாமியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காலுக்குக் கீழே சூடு வைக்கிற அந்தச் சின்னப் பைக்கற் வாங்கித் தரவேண்டுமாம்.

மகன் மட்டும் பந்தயம் கட்டியிருக்கிறான், அந்த வருடமும் சிக்காகோதான் என்று. இருபது டொலர்.