சீனியர் ஆகிவிட்டால் மட்டும் வழிகாட்டத் தெரிந்துவிடாது

மருத்துவ ஆய்வுத் துறையில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. நிறைய ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்கு இளையவர்களை வளர்த்தெடுக்கவும் தானாகவே தெரிந்திருக்கும் என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வழிகாட்டுவது தனித் திறமை. பயிற்சி கொடுத்தால்தான் பெரும்பாலோருக்கு வரும். வருமானம் குறைந்த நாடுகளில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டே நல்ல இளம் ஆய்வாளர்களைத் தொடர்ந்து இழந்துகொண்டிருக்கிறோம்.

இந்த நாடுகளில் ஒரு மூத்த ஆய்வாளரின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் புறநோயாளிகள், மதியம் வகுப்பு, அப்புறம் துறை நிர்வாகம். மிச்சமிருக்கும் நேரத்தில்தான் ஆய்வு. அவருக்கே இளம் வயதில் கைகொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். முட்டி மோதி மேலே வந்திருப்பார். அவரிடம் நாலு பேரை ஒப்படைத்தால், தான் பட்ட பாட்டையே அவர்களுக்கும் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறு வழியை யாரும் அவருக்குக் காட்டவில்லை.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம், கட்டுரை வரைவைத் திருத்துவது. ஜூனியர் அனுப்பிய வரைவை மூத்தவர் ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி சிவப்பாக்கித் திருப்பி அனுப்புகிறார். உழைப்பு உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறார். கட்டுரை வந்துவிடும், எழுதக் கற்றிருக்க மாட்டார். அதற்குப் பதிலாக முதல் அட்டவணையை மட்டும் எடுத்து, "உங்கள் ஆய்வுக் கேள்விக்கு இதில் எந்த எண் பதில் சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால், சிக்கல் மொழிநடையில் இல்லை, கேள்வியிலேயே இருக்கிறது என்று இருவருக்கும் அங்கேயே புரிந்துவிடும்.

இன்னொன்று, "புரிந்ததா?" என்று கேட்கும் பழக்கம். பெரியவர் கேட்டால் "புரிந்தது" என்றுதான் பதில் வரும். நோயாளியிடம் நாம் இப்படி விடுவதில்லையே! மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க நமக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். "அடுத்த சந்திப்புக்குள் என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று ஜூனியரிடமும் கேட்கலாம். பாதி குழப்பம் அப்போதே வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் கற்றுக்கொடுத்து வருமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 16 மருத்துவ ஆய்வு மையங்களைச் சேர்ந்த 283 வழிகாட்டிகளைக் குலுக்கல் போல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து ஒரு சோதனையே நடத்தி, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் வழிகாட்டும் திறன் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. இத்தனைக்கும் அது 8 மணி நேரப் பயிற்சிதான்.

ஆனால் அங்கே போட்ட பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தால் வேலைக்காகாது. மூத்தவரை மறுத்துப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று நினைக்கும் சூழலில், "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பேசவைக்கும் பொறுப்பு மூத்தவருடையது. கடல் கடந்து வீடியோ அழைப்பில் வரும் வழிகாட்டிகளுக்குப் புள்ளியியல் அத்துப்படியாக இருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்காக எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், மாவட்ட மருத்துவமனைப் பதிவேட்டில் எது விடுபடும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். ஆகவே ஒருவருக்கு ஒரே வழிகாட்டி என்பதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து கவனிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது, பலரும் தொடத் தயங்கும் விஷயம்: கட்டுரையை எழுதியவர்கள் என்று பெயர் போடும் ஆசிரியர் பட்டியல். பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நடப்பது என்ன? துறைத் தலைவர் என்பதற்காகவே ஒரு பெயர், பணம் வந்த நாட்டிலிருந்து இரண்டு பெயர். வீடு வீடாகப் போய்த் தரவு சேகரித்து, அதை அலசியும் கொடுத்தவருக்குக் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி. முதல் தரவுப் படிவம் நிரப்புவதற்கு முன்பே யார் பெயர் வரும் என்ற பேச்சை எடுத்து, எழுதி வைத்துக்கொள்வதும் வழிகாட்டும் திறமைதான். என்னைக் கேட்டால் முதல் திறமையே அதுதான்.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2009இல் காசநோய், நுரையீரல் நோய் எதிர்ப்புப் பன்னாட்டு ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் தொடங்கிய, இன்று சார்ட்-இட் (SORT IT) என்று அறியப்படும் ஆய்வுப் பயிற்சியில், களத்தில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களை ஆய்வுத் திட்டம் எழுதுவதில் தொடங்கிக் கட்டுரை அனுப்புவது வரை வழிகாட்டிகள் கூடவே இருந்து கொண்டுபோகிறார்கள். குறித்த கட்டத்தைக் குறித்த நாளில் முடிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அது வழிகாட்டியையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தை இருப்பிடமாகக் கொண்ட வெப்பமண்டல நோய்கள் ஆய்வுத் திட்டமும் ஆய்வு நிறுவனங்கள் வழிகாட்டலை முறையாக அமைத்துக்கொள்ள உதவும் கையேடு ஒன்றை 2022இல் வெளியிட்டது. கையேடு வந்தால் மட்டும் போதுமா? பதவி உயர்வுப் படிவத்தில் கட்டுரை எண்ணிக்கைக்கு இடம் இருக்கிறது, பெற்ற நிதிக்கு இடம் இருக்கிறது. யாரை ஆளாக்கினீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. நிறுவனத் தலைவர்கள் அந்தக் கட்டத்தைச் சேர்க்கட்டும். நிதி கொடுப்பவர்கள், வழிகாட்டி செலவிடும் மணிநேரத்துக்கும் சம்பளக் கணக்கில் ஒரு வரி ஒதுக்கட்டும்.